வட்டத்தின் நான்கு தழும்புகள்

சிறிய சிஎன்சி ரவுட்டர் ஒன்றின் உடல்நிலை தெரிய வேண்டுமானால் அதை ஒரு வட்டம் வெட்டச் சொன்னால் போதும். கடிகாரத்தில் 12, 3, 6, 9 இருக்கும் இடங்களை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். நகத்தில் ஒரு சின்னப் படி தட்டுப்பட்டாலோ, வளைவு அங்கே மட்டும் தட்டையாக இருந்தாலோ, இயந்திரத்தில் பேக்லாஷ் இருக்கிறது. வட்டத்தைச் சுற்றி வரும் கட்டர் அந்த நான்கு இடங்களில்தான் ஏதாவது ஓர் அச்சில் திசை திரும்புகிறது. திரும்பும் கணத்தில் மோட்டார் சுற்றுகிறது, ஸ்க்ரூவும் கூடவே சுற்றுகிறது. ஆனால் ஸ்க்ரூவின் மரை நட்டின் மறுபக்கச் சுவரைத் தொடும் வரை மேலே உள்ள வண்டி அசையாது. மோட்டார் சுற்றியும் வண்டி நகராத அந்தத் தூரம்தான் வட்டத்தில் தழும்பாக நிற்கிறது.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் தேசிய நெடுஞ்சாலையில், வானூர் வட்டத்துக் கிளியனூரில், தகரக் கூரை போட்ட பட்டறை ஒன்றில் இப்படி ஒரு ரவுட்டர் ஓடுகிறது. அதை வைத்திருப்பவர் ஐடிஐ-யில் டர்னர் படித்தவர், பல ஆண்டுகள் லேத் பிடித்தவர். அலுமினியச் சட்டங்களை வாங்கி, ஸ்டெப்பர் மோட்டாரும் டிரைவரும் சென்னை ரிச்சி தெருவில் தேடி, தானே பூட்டிய இயந்திரம் அது. பூஜை அறைக் கதவுக்கு ஜாலி வெட்டுவது, கடைகளுக்கு அக்ரிலிக் பெயர்ப்பலகை, நிலைக்கதவில் கீல் உட்காரும் பள்ளம், எப்போதாவது ஒரு கஜலட்சுமிப் புடைப்புச் சிற்பம் என்று வேலை வருகிறது. பெரிய ஆலைகளில் இருக்கும் சர்வோ மோட்டாரோ கண்ணாடி அளவுகோலோ இதில் கிடையாது. மேசை எங்கே நிற்கிறது என்று இந்த இயந்திரத்துக்குத் தெரியாது. இத்தனை துடிப்பு அனுப்பினேன், ஆகவே இத்தனை மில்லிமீட்டர் போயிருக்கும் என்று நம்பிக்கொள்ளும், அவ்வளவுதான். அந்த நம்பிக்கையை உண்மையாக்கும் பொறுப்பு முழுவதும் பட்டறைக்காரர் தலையில்.

கணினி வழியாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் பேக்லாஷைக் கண்டு திகைப்பார்கள். லேத் வழியாக வந்த அவருக்கு அது பழகிய விஷயம். ஐடிஐ-யில் கைச்சக்கரத்தைத் தொட்ட முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள்: கோட்டைத் தாண்டிவிட்டால் கோடு வரைக்கும் மட்டும் பின்னால் திருப்பாதே, அரைச் சுற்று பின்னால் போய், மறுபடி அதே பக்கத்திலிருந்து வந்து கோட்டில் நிறுத்து. எந்த லேத்திலும் குறுக்கு ஸ்லைடில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். ஒரே திசையிலிருந்து வந்து நின்றால் அந்த ஆட்டம் அளவில் ஏறாது. நூறு வருடப் பழைய இந்தக் கைப்பழக்கம்தான் பின்னால் அவருடைய சிஎன்சி சோதனைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படையானது.

ஒருநாள் பக்கத்து ஊர் ஆசாரி கீல் பள்ளம் வெட்டிய பலகையைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"தம்பி, கீல் உள்ள போவல. உளி போட்டு எடுத்தாத்தான் போவுது. உன் மிஷினுக்கு ஸ்டெப்பு சரியில்லன்னு பையன் சொல்றான், ஏத்தி வையேன்."

"ஏத்தினா இந்தப் பள்ளம் சரியாயிடும்ண்ணே, அடுத்து வெட்டற கதவு கெட்டுப்போயிடும்" என்றார் அவர்.

இந்தத் தொழிலில் அதிகமாக நடக்கும் குழப்பம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. அச்சின் அளவு தவறுவதும் பேக்லாஷும் வேறு வேறு நோய்கள். ஒன்றின் மருந்தை மற்றதற்குக் கொடுத்தால் இரண்டுமே முற்றும்.

அளவுக் கணக்கு எளிது. சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி எடுக்கும்; ஒரு படி 1.8 டிகிரி. டிரைவரை 8 மைக்ரோஸ்டெப்பில் வைத்தால், அதாவது ஒரு படியை எட்டாகப் பிரித்தால், ஒரு சுற்றுக்கு 1600 துடிப்பு. 1605 என்று கடையில் கேட்டு வாங்கும் பால் ஸ்க்ரூ 16 மி.மீ. தடிமன் உள்ளது, ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும். 1600-ஐ 5-ஆல் வகுத்தால் மில்லிமீட்டருக்கு 320 துடிப்பு. ஸ்க்ரூவுக்குப் பதில் ஜிடி2 பெல்ட்டும் 20 பல் புல்லியும் இருந்தால், பல்லுக்கு 2 மி.மீ. வீதம் ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. போகும்; 16 மைக்ரோஸ்டெப்பில் மில்லிமீட்டருக்கு 80. இந்த எண்ணைத்தான் கட்டுப்பாட்டு மென்பொருளில் எழுத வேண்டும். நார்வேக்காரரான சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009-இல் வெளியிட்ட ஜிஆர்பிஎல், உள்ளங்கையில் அடங்கும் ஆர்டுயினோ பலகையில் ஓடுவது. உலகெங்கும் வீட்டுப் பட்டறைகளின் சிறிய ரவுட்டர்கள் பலவற்றை இன்று அதுதான் ஓட்டுகிறது. அதில் எக்ஸ், ஒய், இசட் அச்சுகளுக்கு 100, 101, 102 என்று மூன்று அமைப்பெண்கள் உண்டு. சொன்ன தூரத்தை அளந்த தூரத்தால் வகுத்து, பழைய எண்ணோடு பெருக்கினால் புதிய எண் கிடைக்கும். 300 போகச் சொல்லி 299.4 போனால், 320 என்பது 320.641 ஆகும்.

எண்ணைத் திருத்துவதற்கு முன் அது திருத்த வேண்டிய எண்தானா என்று தெரிந்தாக வேண்டும். கிளியனூர்க்காரர் இதற்கு ஒரு சின்னச் சோதனை வைத்திருக்கிறார். ஒரே பலகையில் 50 மி.மீ. நீளப் பள்ளம் ஒன்றும் 250 மி.மீ. நீளப் பள்ளம் ஒன்றும் வெட்டுவார். குறைவு இரண்டிலும் ஒரே அளவாக, 0.2 என்றால் இரண்டிலும் 0.2 ஆக இருந்தால், அது பேக்லாஷ், அல்லது கட்டரின் விட்டம் சொன்னதைவிடச் சிறியது. நீளத்தோடு சேர்ந்து குறைவும் ஐந்து மடங்காக வளர்ந்தால், அப்போதுதான் படி எண்ணில் குற்றம். ஆசாரியின் கீல் பள்ளம் சிறியது, அந்த 0.2-ஐச் சரிக்கட்ட எண்ணை உயர்த்தினால், அதே 0.2 ஒரு மீட்டர் பலகையில் பல மடங்காகப் பெருகி நிற்கும்.

கட்டர் விட்டத்தின் குற்றத்தைப் பிரிப்பதும் கஷ்டமில்லை. 6 மி.மீ. என்று வாங்கிய கட்டர் இரண்டு முறை சாணை பிடித்த பிறகு 5.9 தான் இருக்கும். ஆகவே பள்ளத்தின் அகலத்தை அளக்காமல், வரிசையாகத் துளை போட்டு, ஒரு துளையின் இடது விளிம்பிலிருந்து அடுத்த துளையின் இடது விளிம்பு வரை அளந்தால், விட்டம் கணக்கிலிருந்து விழுந்துவிடும். எல்லாத் துளைக்கும் இடமிருந்தே வந்து நின்றால் பேக்லாஷும் விழுந்துவிடும். மிஞ்சுவது அச்சின் சுத்தமான அளவு.

இந்த இடத்தில் அவர் பலரோடு மாறுபடுகிறார். ஸ்க்ரூ போட்ட இயந்திரத்தில் கணக்கில் வந்த எண்ணை லேசில் மாற்றக் கூடாது என்பது அவர் கட்சி. மலிவாகக் கிடைக்கும் உருட்டிச் செய்த பால் ஸ்க்ரூவே சி7 தரத்தில் 300 மி.மீ.க்கு 0.05-க்குள்தான் பிசகும். கையில் இருக்கும் 150 மி.மீ. டிஜிட்டல் கேலிப்பர் 0.03 வரை பிசகலாம். அதைக் கொண்டு 100 மி.மீ. அளந்து எண்ணைத் திருத்தினால், கேலிப்பரின் பிழை 600 மி.மீ. ஓட்டத்தில் 0.18 ஆக வளரும். ஸ்க்ரூ தானாகச் செய்திருக்கக்கூடிய பிழையோ அதே தூரத்தில் 0.1. நல்ல ஸ்க்ரூவைச் சுமாரான கேலிப்பரை வைத்துத் திருத்தினால் மிஞ்சுவது கேலிப்பரின் பிழைதான். பெல்ட் போட்ட இயந்திரம் வேறு கதை. அது இழுபடும், இறுக்கம் மாறினால் அளவு மாறும், அங்கே அளந்து திருத்துவது அவசியம். எதுவானாலும் அளக்கும் தூரம் இயந்திரம் ஓடும் முழு நீளத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

வெயிலையும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டும். தகரக் கூரையின் கீழே காலை 26 டிகிரி, மதியம் 38. இரும்பு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 0.0115 மி.மீ. நீளும், அலுமினியம் அதைப் போல இரண்டு மடங்கு. 600 மி.மீ. ஸ்க்ரூ அந்த 12 டிகிரிக்கு 0.08 நீள்கிறது, அதைத் தாங்கும் அலுமினியச் சட்டம் 0.17. உலகமெங்கும் நீள அளவுகளுக்கு 20 டிகிரியை அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். கிளியனூரில் அந்த 20 மார்கழி விடியலில்தான் கிடைக்கும். அவர் செய்வது இதுதான்: இயந்திரத்தை அரைமணி நேரம் வெறுமனே ஓடவிட்டு, அளவுகோலையும் அதே மேசை மேல் கிடக்கவிட்டு, இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு அளப்பது.

இந்த இரண்டு கவலைகளும், சூட்டில் நீளும் இரும்பும் வட்டம் பிசகும் கருவியும், இந்த மண்ணில் 200 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவரைத் தூங்கவிடாமல் செய்தவை. 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலைப் பக்கம் ஏறத்தாழ ஏழரை மைல் நீளத்தை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போய், ஏற்கப்படாமல் திரும்பிய சங்கிலி அது. கோடை வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் அதைப் பெட்டிகளில் நீட்டிவைத்து, கூடவே வெப்பமானி வைத்து, ஒவ்வொரு கிடத்தலுக்கும் சூட்டைக் குறித்துக் கணக்கில் கழித்தார். அந்த அடிக்கோட்டிலிருந்துதான் இந்தியாவின் பெரும் முக்கோண அளவீடு தொடங்கியது.

1808-இல் கோணம் அளக்கும் அவருடைய அரை டன் எடைத் தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, கோண வட்டு நசுங்கியது. புதிதாக இங்கிலாந்திலிருந்து வரும் வரை அவர் காத்திருக்கவில்லை. பலகையில் பழைய அளவுக்கே ஒரு வட்டம் வரைந்து, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு நசுங்கிய வட்டை அந்தக் கோட்டுக்கு இழுத்து இழுத்து ஆறு வாரத்தில் நேராக்கினார். ஒரு வட்டத்தை அதன் உண்மை வடிவுக்குத் திரும்பக் கொண்டுவந்த அந்த ஆறு வாரம், சிறு பட்டறை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய சரித்திரம். தியோடலைட் பிடிக்கும் பாலிடெக்னிக் மாணவர்கள் இன்றும் கோணத்தை ஒரு முறை இடமிருந்து வலமாகவும், மறு முறை வலமிருந்து இடமாகவும் திருப்பி எடுத்துச் சராசரி காண்கிறார்கள். திருகின் ஆட்டத்தைக் கழிக்கும் வழி அது.

கிளியனூர்ப் பட்டறையில் ஆட்டத்தை அளக்கும் வேலையை ஒரு டயல் கேஜ் செய்கிறது. நூறில் ஒரு மில்லிமீட்டர் காட்டும் சாதாரண டயல்தான். காந்த அடியோடு அதை அசையாத சட்டத்தில் நிறுத்தி, முனையை ஸ்பிண்டில் தாங்கியில் தொடவைப்பார். வண்டியை முதலில் வலப்பக்கம் ஒரு மில்லிமீட்டர் நகர்த்துவார். அதில் ஆட்டமெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். டயலைச் சுழிக்குத் திருப்பிவிட்டு, வலமாக இன்னொரு மில்லிமீட்டர், பிறகு இடமாக ஒரு மில்லிமீட்டர். முள் சுழிக்குத் திரும்பாமல் 0.18-இல் நின்றால் பேக்லாஷ் 0.18. இதை மேசையின் நடுவிலும் இரண்டு ஓரங்களிலும் செய்வார். தேய்மானம் நடுவில்தான் அதிகம், வேலை எல்லாம் அங்கேதானே நடக்கிறது.

எண் தெரிந்ததும் பலர் மென்பொருளுக்கு ஓடுவார்கள். அவர் அடுத்ததாகச் செய்வது கையால் தள்ளிப் பார்ப்பது. மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்துப் பூட்டி வைத்துவிட்டு, வண்டியைக் கட்டைவிரலால் அழுத்தி, விட்டுவிடுவார். முள் நகர்ந்து தானாகத் திரும்பிவந்தால் எங்கோ ஏதோ வளைகிறது: மெல்லிய சட்டம், இழுபடும் பெல்ட், ஸ்பிரிங் போலச் செதுக்கிய அலுமினியக் கப்ளிங். நகர்ந்த இடத்திலேயே முள் நின்றுவிட்டால் அது உண்மையான ஆட்டம். இரண்டையும் ஒரே எண்ணாக எழுதிக்கொண்டால் வைத்தியம் தப்பும்.

ஆட்டம் நட்டில்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. டயலின் முனையை ஸ்க்ரூவின் முனைக்கே கொண்டுபோய் வைத்து, வண்டியைத் தள்ளிப் பார்க்க வேண்டும். ஸ்க்ரூவே முன்னும் பின்னும் நகர்ந்தால் குற்றம் பேரிங்கில்: முனையில் உள்ள பூட்டு நட்டு தளர்ந்திருக்கும், அல்லது பக்கவாட்டு அழுத்தம் தாங்காத சாதாரண பேரிங்கைப் போட்டிருப்பார்கள். அவர் பார்த்த பல சின்ன இயந்திரங்களில் புது நட்டு வாங்கிப் போட்டும் தீராத ஆட்டம், இந்த ஒரு பூட்டு நட்டை இறுக்கியதும் பாதிக்கு மேல் தீர்ந்தது. அடுத்தது கப்ளிங்கின் கிரப் ஸ்க்ரூ. உருண்டையான தண்டின் மேல் அது வழுக்கும். தண்டில் ராவிச் சிறு தட்டை எடுத்து அதன் மேல் இறுக்கினால் நிற்கும். பித்தளை நட்டு தேய்ந்திருந்தால்தான் அதை மாற்ற வேண்டும். நடுவில் ஸ்பிரிங் வைத்து இரண்டாகப் பிரிந்த நட்டு அந்த இடத்துக்குப் பொருத்தம். ஆனால் ஸ்பிரிங்கின் பலத்தைவிட வெட்டும் விசை கூடினால் அதுவும் விட்டுக்கொடுக்கும். தேக்குத் தூளும் கிரீஸும் சேர்ந்தால் சாணைக்கல் போல மரையைத் தின்னும் என்பதால், ஸ்க்ரூவைத் துடைத்து மெல்லிய எண்ணெய் மட்டும் விடுகிறார்.

டயல் கேஜ் இல்லாதவர்களுக்கு அவர் ஒரு வழி காட்டுவார். அக்ரிலிக் துண்டில் கூர்முனைக் கட்டரால், பத்து மில்லிமீட்டருக்கு ஒன்றாகச் சின்னக் கோடுகள் போடச் செய்வது. மேல்பாதிக் கோடு ஒவ்வொன்றுக்கும் இடமிருந்து வந்து நிற்க வேண்டும். கீழ்ப்பாதிக்கு வலமிருந்து வர வேண்டும். ஆனால் முதல் கோட்டில் அதே இடம், இரண்டாவதில் 0.05 இடப்பக்கம் தள்ளி, மூன்றாவதில் 0.10, நான்காவதில் 0.15 என்று போக வேண்டும். எந்தக் கோட்டில் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் நேராகச் சேர்கிறதோ, அந்தத் தள்ளல்தான் பேக்லாஷ். வெர்னியர் கேலிப்பரின் அதே தத்துவம். ஒரு பூதக்கண்ணாடி போதும்.

மூன்றாவதாக ஒரு நோயும் உண்டு, அது பேக்லாஷ் வேஷம் போட்டுக்கொண்டு வரும். மோட்டார் படி தவறுவது. பேக்லாஷ் எத்தனை முறை திரும்பினாலும் அதே அளவுதான் இருக்கும். படி தவறினால் பிழை சேர்ந்துகொண்டே போகும். வண்டியை வேகமாகப் பலமுறை போகவரச் செய்து, அதே திசையிலிருந்து சுழிக்குக் கொண்டுவந்து, டயலைப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படியானால் வேகத்தையும் முடுக்கத்தையும் குறைக்க வேண்டும், டிரைவரின் ஆம்பியரைப் பார்க்க வேண்டும், தண்டவாளத்தில் தூசி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மென்பொருள் ஈடு பற்றி அவருடைய கருத்து கறாரானது. மாக் 3, லினக்ஸ் சிஎன்சி இரண்டிலும் பேக்லாஷ் எண்ணை எழுத இடம் உண்டு. திசை திரும்பும்போதெல்லாம் அத்தனை தூரம் கூடுதலாக ஸ்க்ரூவைச் சுற்றிக்கொள்ளும். ஜிஆர்பிஎல் அந்த வசதியே தரவில்லை. துளை போடும் வேலைக்கு ஈடு நன்றாகவே உதவும். வெட்டும் வேலையில் நிலைமை வேறு. ஈடு என்பது ஸ்க்ரூ எந்தப் பக்கச் சுவரைத் தொடுகிறது என்ற அனுமானம்தான். கட்டர் மரத்தைக் கவ்வி இழுத்தால் அந்த 0.18 இடைவெளிக்குள் வண்டி தன்னிஷ்டத்துக்கு ஓடும், மென்பொருளுக்குத் தெரியவே தெரியாது. கிளைம்ப் என்று சொல்லும் வெட்டில் இது தவறாமல் நடக்கும். அங்கே கட்டரின் பல் வண்டியைப் போகும் திசையிலேயே பிடித்து இழுக்கிறது. எதிர்த்து வெட்டும் கன்வென்ஷனல் முறையில் விசை வண்டியைப் பின்னுக்கே தள்ளுவதால் நட்டு ஒரே சுவரில் சாய்ந்து நிற்கும். கைமில்லிங் காலத்துக்காரர்கள் கன்வென்ஷனலையே பிடித்துக்கொண்டிருந்த காரணம் அதுதான். தேய்ந்த ஸ்க்ரூவில் நடுவில் 0.22-உம் ஓரத்தில் 0.08-உம் இருக்கும்போது, எந்த ஒற்றை எண்ணை எழுதினாலும் எங்கோ ஓர் இடத்தில் பொய்யாகும். ஆகவே முதலில் இறுக்குவது, பிறகு துடைப்பது, பிறகு வெட்டும் திசையை மாற்றுவது. இவ்வளவும் செய்து மிஞ்சியதற்குத்தான் எண்.

இசட் அச்சில் இந்தத் தொல்லை குறைவு. ஸ்பிண்டிலின் எடையே நட்டை எப்போதும் கீழ்ச் சுவரில் உட்காரவைக்கிறது. சிலர் மோட்டாருக்குச் சுமை குறையட்டும் என்று ஸ்பிரிங் கட்டி ஸ்பிண்டிலைத் தூக்கிவிடுவார்கள். எடை சரிசமமாகிவிட்டால் ஆட்டம் விழித்துக்கொள்ளும். ஸ்பிரிங் போடுவதானால் எடையைவிட நன்றாகக் குறைவாகவோ கூடுதலாகவோ போட வேண்டும்.

ஆட்டத்தின் முழுக் கொடுமையும் தெரிவது புடைப்புச் சிற்பத்தில். விழுப்புரத்திலிருந்து 2019-இல் பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மரச்சிற்பம் புவிசார் குறியீடு பெற்றது. உளியின் ஒவ்வொரு கீறலையும் படிக்கத் தெரிந்த கண்கள் இந்த வட்டாரத்தில் நிறைய உண்டு. ரவுட்டர் ஒரு முகத்தைச் செதுக்கும்போது உழவு சால் மாதிரி ஒரு வரி போய், அடுத்த வரி திரும்பி வருகிறது. போன வரிகள் ஒரு பக்கமும் வந்த வரிகள் 0.18 மறுபக்கமும் நகர்ந்து நிற்பதால், கஜலட்சுமியின் மூக்கு ஓரமும் கண்ணிமையும் சீப்புப் பல்லாகிவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பல் போகும், கூடவே இமையும் போகும். இதற்கு அவர் கண்ட வழி, கரடு வெட்டை இரு திசையிலும் ஓடவிட்டு, முடிப்பு வெட்டை மட்டும் ஒரே திசையில் வைப்பது: ஒவ்வொரு வரி முடிந்ததும் கட்டர் மேலே தூக்கிக்கொண்டு, வெறுமனே ஆரம்ப ஓரத்துக்கு அப்பால் வரை திரும்பி, மறுபடி இடமிருந்தே உள்ளே வரும். ஒரு முகத்துக்கு நேரம் ஒன்றரை மடங்காகிறது. கூலியில் அதைச் சேர்த்தே சொல்கிறார். முகத்தைப் பார்த்த பிறகு ஆசாரிகள் பேரம் பேசுவதில்லை. எக்ஸ் அச்சுக்கு இரட்டை நட்டுப் போட்டு இறுக்கும் வேலை அடுத்ததாக இருக்கிறது. இறுக்கம் கூடினால் மோட்டார் திணறும் என்பதால், பெரிய மோட்டார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார்.